கூடு கட்டுவதும் கூர்ந்து நோக்குவதும்

அஃறிணைப் பிராணிகளை எடுத்துக்காட்டி மக்களுக்கு ஒழுக்கம் உணர்த்துதல் உலகத்திலே தொன்றுதொட்டு வழங்கிவரும் ஒரு முறையாம். எறும்பைக் காட்டிச் சேமித்தலையும், தேனீயைக் காட்டிக் கூடித் தொழில் செய்தலையும், காகத்தைக் காட்டிப் பகுத்துண்டலையும் போதியாத உபாத்தியாயர் நம்முள் இலர். யான் மிஷன் பாடசாலையிலே ஆங்கில வாசகம் படித்த சிறுபருவத்தில், ஸ்கொத்லாந்து தேசத்தரசனாகிய றொபேட் புறூஸ் என்பான் போரிலே பன்முறை தோற்று ஒரு குகையிற் கிடந்தபொழுது, சிலந்தியொன்று அறுந்த நூலை மீட்டும் மீட்டும் கட்டுதலைக் கண்டு மனந்தேறினான் என்னுங் கதையைக் கற்றேன். உபாத்தியாயனான பின்னர் அக்கதையை யானும் முப்பது ஆண்டுகளாக என் மாணாக்கருக்குச் சொல்லி வந்தேன். கதை நல்லதே. ஆயினும், முயன்றால் முடியுமென்று ஒரு பிராணியைக் காட்டி மாணாக்கனுக்குச் சொல்லிவிட்டமையால் உபாத்தியாயன் தன் கடமையை முடித்தவனாவானோ என்னும் ஐயம் அண்மைக்காலத்தில் என் மனத்திலே தோன்றிற்று. அவ்வையம் தோன்றியதற்குக் காரணம் ஒரு பறவைச் சோடி. அதனை ஈண்டுச் சகோதர ஆசிரியர்களுக்கு எடுத்துரைக்கப் புகுகின்றேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்கெல்லையாகிய கலிபோர்னியா மாநிலத்திலே, சான் பேர்ணாடினோ என்னும் மலைத்தொடரின்மீது, பிக் பேர் என்னும் ஏரி ஒன்று உளது. அது கடன்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 6,700 அடி உயரத்திலுள்ளது. மாரிக்காலத்திலே பனிமழை பொழியும் இடம். அவ்வேரியின் பக்கத்துக் காட்டில் நிற்கும் ஓர் ஊசியிலைப் பைன் மரத்தில், நிலத்தினின்று ஏறக்குறைய 145 அடி உயரத்தே, வெண்டலைக் கழுகுச் சோடியொன்று கூடு வைத்திருக்கின்றது. பெண் பறவைக்கு ஜாக்கி என்றும், ஆண் பறவைக்கு நிழல் என்னும் பொருள்பட ஷடோ என்றும் அவ்வூரார் பெயரிட்டு வழங்குகின்றனர். ‘பிக் பேர் பள்ளத்தாக்கின் நண்பர்கள்’ என்னும் சங்கத்தார் 2015ஆம் ஆண்டிலே அம்மரத்தில் ஒளிப்படக் கருவியொன்றைப் பொருத்தினர். அதன் வாயிலாக அக்கூட்டை உலகத்தின் எப்பகுதியிலுள்ளாரும் காணலாம். மாரிக்காலத்திலே நமக்கு இரவு எட்டரை மணியாகும்போது அவர்களுக்குக் காலை ஏழு மணி. மாணாக்கர் கொப்பிகளைத் திருத்தி முடித்து, விளக்கின்கீழ் இருந்தவாறே, யான் அம்மலையின் விடியலைப் பலகாற் கண்டிருக்கின்றேன்.

அப்பறவையைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். அதன் ஆங்கிலப் பெயரைக் கேட்போர் மொட்டைத்தலைக் கழுகு என்று மயங்குவர். அது மொட்டைத்தலையன்று. ‘போல்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய வழக்கில் வெண்மை என்னும் பொருளும் உண்டு. அப்பொருள் பற்றியே அப்பெயர் வந்தது. உடல் கருங்கபிலம், தலையும் வாலும் தூய வெண்மை. ஆயின், இவ்வெண்மை ஏறத்தாழ ஐந்து வயது நிரம்பிய பின்னரே முற்றும் வந்தெய்தும். மீனே அதற்குப் பெரும்பாலும் உணவாகலின், நீர்நிலைகளின் அயலிலே வாழும். ஆணினும் பெண் உருவத்தாற் பெரிது. பெரும்பாலும் ஒரே கூட்டை ஆண்டுதோறும் புதுக்கிப் புதுக்கி ஆளுதல் அதன் வழக்கம். அங்ஙனம் ஆண்டுதோறும் கொம்புகள் சேருதலால் கூடு பெருத்துக்கொண்டே செல்லும். புளோரிடா மாநிலத்திலே சென் பீற்றர்ஸ்பேர்க் என்னும் ஊரில் 1963ஆம் ஆண்டில் அளந்து பார்க்கப்பட்ட கூடொன்று ஒன்பதரை அடி அகலமும் இருபது அடி ஆழமும் உடையதாயிருந்தது.

முட்டையிடுங் காலம் தைமாதமளவில் வருமாயின், அதற்குப் பல வாரங்களின் முன்னரே கூடு திருத்தும் வேலை தொடங்கிவிடும். ஆண் பறவை தன்னுடலினும் நீண்ட கொம்பைக் காலிற் பற்றிப் பறந்துவந்து கூட்டில் இறங்கும். இறங்கும்போது அக்கொம்பு சில வேளை பெண் பறவையின் முதுகிலே இடிக்கும். பெண் பறவை அதனை அலகாற் கவ்வி வேறோரிடத்தே வைக்கும். ஆண் பறவை அவ்விடம் பொருந்தாதெனக் கருதியதுபோல மீட்டும் இழுக்கும். இரண்டும் ஒரு கொம்பின் இருதலையையும் பற்றி இழுத்து நிற்றலைக் காண்பார்க்கு, நம் வீடுகளிலே கூரை வேயுநாளில் எழும் வழக்குகள் நினைவுக்கு வரும். பெருங்கொம்புகளை விளிம்பிலே குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, குஞ்சு விழாதபடி வேலிபோல் ஆக்கியபின், புல்லும் மரப்பட்டை நாரும் கொணர்ந்து நடுவிலே பரப்பி, மார்பினால் அழுத்தி அழுத்திக் குழி செய்யும். அக்குழியிலேயே முட்டைகள் கிடத்தல் வேண்டும். ஒரு கொம்பு தவறிக் கீழே விழுமாயின், சிறிது நேரம் நோக்கியிருந்து, வேறு கொம்பு தேடிப் போகும்.

இனி, இச்சோடியின் சரித்திரத்தைக் கேண்மின். இவ்விரண்டும் 2018ஆம் ஆண்டிலே சேர்ந்தன. 2019ஆம் ஆண்டில் இரண்டு குஞ்சுகள் பொரித்தன, ஒன்று குளிரினால் இறந்தது, மற்றது பறந்தது. 2020இல் இட்ட முட்டைகள் பொரிக்கவில்லை. 2021இல் முதலில் இட்ட முட்டைகள் அண்டங்காகங்களால் அழிந்தன, அப்பருவத்திலேயே மீட்டும் இட்டன, அவற்றாலும் பயனில்லை. 2022இல் ஒரு குஞ்சு பொரித்துப் பறந்தது. 2023இல் இட்ட இரண்டு முட்டைகளும் பொரிக்கவில்லை. 2024இல் மூன்று முட்டைகள். அப்பருவத்திலே பனிப்புயல் வீசியபோது, தாய்ப்பறவை ஏறத்தாழ 62 மணி நேரம் அவற்றை விட்டகலாது, தன் முதுகின்மேற் பனி படியப் படியக் கிடந்தது. பொரிக்க வேண்டிய நாள் கடந்து பல வாரம் சென்றும் இரண்டும் மாறி மாறி அடைகாத்தன. அவையும் பொரிக்கவில்லை. 2020 முதல் 2024 வரையுள்ள ஐந்து பருவங்களிலே அக்கூட்டினின்று பறந்தது ஒரேயொரு குஞ்சு. அங்ஙனமாகவும், அவ்வாண்டுப் பின்கூற்றிலே அவை மீட்டும் கொம்பு சுமக்கத் தொடங்கின.

அதனைக் கண்டபோது என் கண்கள் கலங்கின என்பதை மறைக்கமாட்டேன். நாளை வகுப்பிலே சிலந்திக் கதைக்குப் பதிலாக இதனைச் சொல்லுவேன் என்று எண்ணினேன். ஐந்தாண்டு தோல்வியுற்றும் இப்பறவை சோர்ந்ததா? ஒரு பரீட்சையிலே தோற்ற நீங்கள் சோரலாமா? என்றிவ்வாறு வாக்கியங்களையும் மனத்திலே அமைத்துக்கொண்டேன். அமைத்தபின்னர் இரண்டு தடைகள் எழுந்தன.

முதலாவது தடை இது: அப்பறவைக்குச் சோர்வு என்பது ஒன்று உண்டோ? சோர்வு உண்டாதற்குச் சென்ற தோல்வியை எண்ணுதலும் வருந் தோல்வியை அஞ்சுதலும் வேண்டும். கழுகு கொம்பு எடுத்தல், பகற்பொழுதின் நீளம் மாறுதலும் உடலினுள்ளே சுரக்கும் நீர்களும் தூண்டுதலாலாம். தாகங்கொண்டவன் நீர் குடித்தலை நாம் விடாமுயற்சி என்று புகழ்வதில்லை. கழுகின் மனத்தினுள்ளே புகுந்து பார்க்க நம்மால் இயலாதாகலின், அதற்கு நினைவும் துயரமும் அறவே இல்லை என்று சாதிக்கவும் யான் துணியேன். ஆயினும், நாம் காணுவது செயலை மாத்திரமே. அச்செயலுக்குள் நாம் வைக்கும் தைரியம் நம்முடையது.

இவ்வாறு பறவைக்கு நற்குணம் ஏற்றுதல் எவ்வளவு எளிதோ, தீக்குணம் ஏற்றுதலும் அவ்வளவு எளிது. 1782ஆம் ஆண்டிலே அமெரிக்க ஐக்கிய நாட்டார் தங்கள் அரசாங்க முத்திரையில் இவ்வெண்டலைக் கழுகின் உருவத்தைப் பொறித்தனர். அந்நாட்டுப் பேரறிஞருள் ஒருவராகிய பெஞ்சமின் பிராங்கிளின் 1784ஆம் ஆண்டிலே தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில், இப்பறவை ஒழுக்கங்கெட்டதென்றும், விராலடிப்பான் வருந்திப் பிடித்த மீனைப் பறித்துண்ணும் சோம்பேறியென்றும் இகழ்ந்தார். அது மீன் பறித்தல் மெய்யே. அது பல்லாண்டு கூடு திருத்துதலும் மெய்யே. ஆயின், ஒன்றைக் கண்டு கள்வன் என்பதும், மற்றொன்றைக் கண்டு தீரன் என்பதும் ஒரேவகைத் தவறாம். பறவை பறவையாய் இருக்கின்றது. கள்ளமும் தீரமும் காண்பாரிடத்தே உள்ளன. எனவே, கழுகு நமக்குக் குருவாதல் இல்லை. நம்மை நாமே பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாதலே உண்டு.

இரண்டாவது தடை இதனினும் வலிது. அது புளோரிடா மாநிலத்துச் சரித்திரத்தால் எழுந்தது.

கனடா தேசத்திலே வங்கி முகாமையாளராயிருந்து இளைப்பாறிய சாள்ஸ் புறோலி என்பவர், 1939ஆம் ஆண்டிலே, ஏறத்தாழ அறுபது வயதினராய், புளோரிடாவின் மேற்குக் கரையிலுள்ள கழுகுக் கூடுகளை ஆராயப் புகுந்தார். கயிறும் ஏணியும் கொண்டு தாமே உயர்ந்த மரங்களில் ஏறி, குஞ்சுகளின் காலில் அடையாள வளையம் இடுதல் அவருடைய வேலை. காலப்போக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குஞ்சுகளுக்கு அவர் வளையமிட்டார். தொடக்கத்திலே ஏறக்குறைய 125 கூடுகளை அவர் அறிவார்; ஆண்டொன்றுக்கு 150 குஞ்சுகள் வரையில் வளையம் பெற்றன. 1947ஆம் ஆண்டு முதலாகத் தொகை குறையத் தொடங்கிற்று. 1957ஆம் ஆண்டிலே கழுகுகள் ஆண்ட கூடுகள் 43. அவற்றுள் குஞ்சு கண்டவை 7. முட்டையிருந்தும் பொரியாதவை 23. எஞ்சிய பதின்மூன்றிலும் முட்டையே இல்லை. 1958ஆம் ஆண்டிலே நூறு மைலுக்கு மேற்பட்ட கரையெல்லாம் அலைந்து, அம்முதியவர் வளையமிடக் கண்டது ஒரேயொரு குஞ்சு.

நண்பர்களே, ஈண்டு ஒன்றைக் கருதுங்கள். அக்கரையிலே கூடு கட்டிய கழுகுகள் பிக் பேர் ஏரிச் சோடியினும் முயற்சியிற் குறைந்தவையல்ல. அவையும் கொம்பு சுமந்தன, அவையும் குழி செய்தன, முட்டையிட்டவை அடைகாத்தன. குறைவு முயற்சியில் இல்லை, ஓட்டில் இருந்தது. வயல்களிலும் சதுப்புநிலங்களிலும் பூச்சி கொல்லும்பொருட்டுத் தெளிக்கப்பட்ட டி.டி.ரி. என்னும் மருந்து நீரிற் சேர்ந்து, நீரினின்று மீனிற் சேர்ந்து, மீனை உண்ட கழுகின் உடலிலே தங்கிற்று. அம்மருந்து உடைந்து உண்டாகும் பொருள், முட்டையோட்டிலே சுண்ணச்சத்துச் சேருதலைத் தடுத்தது. ஓடு மெலிந்தது. தாய்ப்பறவை அடைகாக்க அமர்ந்தபோது, அதன் பாரந் தாங்காது முட்டைகள் நொறுங்கின. எவ்வளவு கடமை தவறாது அமர்ந்ததோ, அவ்வளவுக்கு முட்டைக்குக் கேடு. நியூயோர்க் மாநிலத்திலே 1976ஆம் ஆண்டளவில் எஞ்சியிருந்த கழுகுச் சோடி ஒன்றே. அது கூடு வைத்தும் குஞ்சு காணவில்லை. அம்மரத்தின் அடியிலே நின்று, ‘முயற்சியைக் கைவிடாதே’ என்று ஒருவன் போதித்தானாயின், அப்போதனையை யாது என்று சொல்லுவோம்?

அம்மருந்தை வெறும் நஞ்சென்று கூறிவிடுதல் நம் தேசத்தாருக்கு நன்றியன்று. 1934, 1935ஆம் ஆண்டுகளிலே மலேரியாச் சுரத்தால் இலங்கையில் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் மாண்டனர். இரண்டாம் உலகப்போரின் பின்னர் வீடுகளின் உட்சுவர்களிலே டி.டி.ரி. தெளிக்கப்பட்டது, 1963ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதும் கண்ட மலேரியா நோயாளர் பதினெழுவர் மாத்திரமே. பின்னர் அந்நோய் மீண்டதும், நெடுங்காலம் போராடியபின் 2016ஆம் ஆண்டிலே நம் நாடு மலேரியா நீங்கிய நாடென்று உலகச் சுகாதார நிறுவனத்தாற் சான்று பெற்றதும் நாம் அறிந்தவை. சுவரிலே உயிர் காத்தது வயலிலே உயிர் கொன்றது. ஒரு பொருள் இன்னவிடத்தில் இன்னது செய்கின்றது என்பதைப் பார்த்தே அறிதல் வேண்டும். பெயரைக் கேட்டு அறிதல் கூடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கழுகுகளைக் காத்தது யாது? பார்த்தலே காத்தது. புறோலி என்னும் முதியவர் எண்ணிப் பார்த்தார். பூச்சி மருந்தே காரணம் என்று 1958ஆம் ஆண்டிலே எழுதினார். இறேச்சல் கார்சன் என்னும் அம்மையார் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ என்னும் நூலிலே அவருடைய கணக்கை உலகறியச் செய்தார். அதன்பின்னர், அருங்காட்சியகங்களிலே பேணப்பட்டிருந்த பழைய முட்டையோடுகளையும் புதிய ஓடுகளையும் எடுத்து அளந்து, பின்னவை மெலிந்தன என்பதை இங்கிலாந்திலே 1967இலும் அமெரிக்காவிலே 1968இலும் அறிஞர் நிறுவினர். 1972ஆம் ஆண்டிலே அமெரிக்க ஐக்கிய நாட்டில் அம்மருந்து பெரும்பாலும் தடைசெய்யப்பட்டது. நியூயோர்க் மாநிலத்தார் 1976 முதல் 1988 வரையில் 198 குஞ்சுகளைப் பிறவிடங்களினின்று கொணர்ந்து வளர்த்துப் பறக்கவிட்டனர். 1963ஆம் ஆண்டிலே அலாஸ்காவும் ஹவாயும் ஒழிந்த நாற்பத்தெட்டு மாநிலங்களிலும் கூடு வைத்த சோடிகள் 417 என எண்ணப்பட்டன. 2021ஆம் ஆண்டிலே வெளியான அரசாங்க அறிக்கையின்படி, அந்நாற்பத்தெட்டு மாநிலங்களிலும் கூடு வைத்த சோடிகள் ஏறத்தாழ 71,400. கழுகுகள் முன்னும் கொம்பு சுமந்தன. பின்னும் கொம்பு சுமந்தன. மாறியது அவற்றின் முயற்சியன்று. அம்முயற்சி நின்ற நிலம்.

இதனை எழுதிக்கொண்டு வருகையில் என் மனம் மாணாக்கன் ஒருவனை நோக்கிச் செல்லுகின்றது. பல ஆண்டுகளுக்கு முன்னர் யான் ஆறாம் வகுப்பிலே கணிதம் கற்பித்தேன். அவன் உயரமுடையவனாதலின், பிறரை மறையாதபடி கடைசி வாங்கிலே இருத்தப்பட்டான். அமைதியானவன், நாடோறும் வருவான், கொப்பி நிறைய எழுதுவான், எழுதிய கணக்குகள் எல்லாம் பிழையாயிருக்கும். யான் அவனுடைய தேர்ச்சி அறிக்கையிலே ‘முயற்சி போதாது’ என்று எழுதினேன். அடுத்த ஆண்டும் அவன் என் வகுப்புக்கே வந்தான். அவ்வாண்டும் அவ்வாறே எழுதினேன். சிலந்திக் கதையை அவனுக்கென்றே ஒருமுறை தனியாக அழைத்துச் சொன்னேன். அவன் தலையசைத்துக் கேட்டான். அதன்பின் முன்னையினும் அதிகமாக எழுதினான். முன்னையினும் அதிகமாகப் பிழைவிட்டான். மாலையிலே தலையிடிக்கின்றது என்று சொல்லுவான். யான் அதனைச் சோம்பலின் சாட்டு என்று கருதினேன்.

இரண்டாம் ஆண்டிறுதியில், மாரிமழை கூரையால் ஒழுகிக் கரும்பலகை நனைந்தமையால், கணக்குகளை எழுதாது வாயாற் சொன்னேன். முதலாவது கையுயர்த்தியவன் அவன். விடை சரி. இரண்டாவது கணக்கும் சரி, மூன்றாவதும் சரி. மறுநாள் வகுப்பு முடிந்தபின் அவனை நிறுத்தி, கரும்பலகையிலே எழுதியிருந்த திகதியை இருந்தவிடத்திலிருந்து வாசி என்றேன். அவன் கண்களை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் நின்றான். பின்னர், ‘சேர், அது எல்லாருக்கும் தெரிகிறதோ?’ என்று கேட்டான். பிறருக்குத் தெரிவது தனக்குத் தெரியவில்லை என்பதையே அப்பிள்ளை அறிந்திலன். அயலிலிருந்தவன் கொப்பியையும் மங்கிய வடிவங்களையும் பார்த்து, எண்களை ஊகித்தெழுதி, ஊகித்த கணக்குகளை இரண்டு ஆண்டு சரியாகச் செய்திருக்கின்றான். பழைய கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். செய்கை பெரும்பாலும் சரி. எடுத்தெழுதிய எண்களே பிழை. யான் விடையை மாத்திரம் நோக்கிச் சிவப்புக் கோடு இட்டிருந்தேன்.

அவனுக்குக் கண்ணாடி வந்தது. இழந்த இரண்டாண்டு திரும்பி வரவில்லை. தன்னால் ஆகாதென்று அவன் முன்னமே தீர்மானித்துவிட்டான். அத்தீர்மானத்தை அவனுக்குக் கற்பித்தவன் யான். இன்று அவன் பட்டினத்திலே ஒரு கடையில் நிற்கின்றான். என்னைக் கண்டால் வாங்கை இழுத்துப்போட்டு, ‘இருங்கோ சேர்’ என்று உபசரிக்கின்றான். அவனுக்கு என்மேல் கோபம் இல்லை. அதுவே எனக்குப் பெரிய பாரமாயிருக்கின்றது.

ஈண்டு ஆசிரியர் ஒருவர் ஆசங்கிக்கலாம்: ‘அங்ஙனமாயின் முயற்சியைப் போதித்தல் கூடாதென்பது உமது கருத்தோ? தோற்குந்தோறும் ஓட்டிலே குற்றம், நீரிலே குற்றம் என்று காரணந் தேடும் மாணாக்கன் உருப்படுவனோ?’ என்று. இது நியாயமான வினா. முயற்சி வேண்டாம் என்று யான் சொல்லவில்லை. பிக் பேர் ஏரிச் சோடியின் கதை 2024ஆம் ஆண்டோடு முடியவில்லை. 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே மூன்று முட்டைகளும் பொரித்தன. அம்மாத நடுவிலே வீசிய பனிப்புயலில் ஒரு குஞ்சு இறந்தது. மற்றை இரண்டும் வளர்ந்து ஜூன் மாதத் தொடக்கத்திலே பறந்தன. அவற்றுக்குப் பெயர் தெரிந்து வைத்தவர்கள் அவ்வூர்ப் பாடசாலைச் சிறுவர்கள். முன்னாண்டிலே கூடு திருத்தாது விட்டிருப்பின் இது நிகழ்ந்திராது. பொரியாத முட்டைகளுக்காக எவரும் அம்மரத்தில் ஏறவில்லை. ஏறுதல் நன்மையும் அன்று. பனியும் அண்டங்காகமும் அம்மலையின் இயல்பு. கூடு வைக்கும் பருவத்திலே மக்கள் அயலிற் புகாதபடி வனத்துறையார் தடை விதித்து விலகி நிற்கின்றனர். அங்கே காண்பானுடைய கடமை விலகி நிற்றலாம்.

ஆகவே, தோல்வி இருவகைப்படும். பொறுக்க வேண்டிய தோல்வி ஒன்று; நீக்க வேண்டிய தோல்வி ஒன்று. ஒரு பருவத்தின் பனியும், ஒரு பரீட்சையின் துரதிர்ஷ்டமும், ஒரு பாடத்தின் இயற்கையான கடுமையும் பொறுக்க வேண்டியன. அவற்றுக்கு மருந்து மீண்டும் கொம்பு சுமத்தலே. மெலிந்த ஓடும், தெரியாத கரும்பலகையும், காலையுணவின்றி வந்த வயிறும், வீட்டிலே விளக்கில்லாத இரவும் நீக்க வேண்டியன. அவற்றின்மேல் முயற்சியை ஏற்றுதல் மெலிந்த முட்டையின்மேல் பாரத்தை ஏற்றுதலாம். முன்னதை நீக்கப் புகுந்து மாணாக்கனைச் சுகவாசியாக்குதல் ஒரு தவறு. பின்னதைப் பொறுக்கச் சொல்லி அவனை நொறுக்குதல் மற்றொரு தவறு. இரண்டனுள் நம்மவர் பெரிதும் செய்வது பின்னதே. ஏனெனில், அது நமக்கு எளிது. ‘முயற்சி போதாது’ என்று எழுதுதற்கு ஒரு கணம் போதும்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? புறோலி முதியவரின் கணக்கே வழி காட்டுகின்றது. தோல்வி பல வடிவிலே வருமாயின் அது காலத்தின் இயல்பு என்று கொள்ளலாம்: ஓராண்டு பனி, ஓராண்டு அண்டங்காகம், ஓராண்டு நன்மை. ஒரே வடிவிலே இடையறாது வருமாயின், அங்கே முயல்பவனை விட்டு, அவன் உண்ணும் நீரையும் மீனையும் பார்த்தல் வேண்டும். வகுப்பிலே பலர் ஒரே கணக்கில் தவறுவராயின், தவறு பெரும்பாலும் கற்பித்தவனிடத்தே. ஒருவனே எந்நாளும் ஒரே முறையிலே தவறுவானாயின், தவறு அவனுடைய ஊக்கத்தில் இருத்தல் அரிது. சோம்பலுக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது. என் மாணாக்கன் கொப்பியிலே அவ்வொழுங்கு இரண்டு ஆண்டு கிடந்தது. யான் எண்ணிப் பார்த்திலேன்.

இஃது எப்பொழுதும் பிழையாத அளவுகோல் என்று சொல்லவில்லை. எல்லாம் பார்த்தபின்னும் காரணம் விளங்காத தோல்விகள் உள. அவ்விடத்திலே உபாத்தியாயன் மாணாக்கனோடு தானும் உடனிருந்து பொறுத்தலே செய்யத்தக்கது. ஆயினும், பாராமலே பொறுக்கச் சொல்லுதலும், பார்த்தபின் உடனிருந்து பொறுத்தலும் ஒன்றாகா. முன்னது கட்டளை; பின்னது துணை. முயற்சியைப் போதிக்கும் உரிமை, பார்க்குங் கடமையைச் செய்தவனுக்கே உண்டு என்பது என் துணிபு. நம் வள்ளுவனாரும் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தை ஓதுவதற்கு முன்னரே தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தை ஓதிவைத்தார். அவ்வைப்புமுறையைப் பல ஆண்டு கற்பித்தும், அதன் பயனை யான் ஒரு நனைந்த கரும்பலகையிடத்தே அறியவேண்டியதாயிற்று.

முதலாவது தடையையும் ஈண்டு மீட்டும் நினைவு கூர்தல் தகும். கழுகுக்குச் சோர்வு உண்டோ என்பதை நாம் அறியோம். ஆகலின் அதன் முயற்சியை அறமென்று புகழவும் அறியோம். ஆனால், கடைசி வாங்கிலே இருக்கும் பிள்ளைக்குச் சோர்வு உண்டென்பதை அறிவோம். அவன் சென்ற ஆண்டின் தோல்வியை நினைக்கின்றான். வரும் ஆண்டின் தோல்வியை அஞ்சுகின்றான். நினைந்தும் அஞ்சியும் மறுநாட் காலையிலே புத்தகப் பையைத் தோளில் இட்டுக்கொண்டு வருகின்றான். வியக்கத்தக்கது அவனுடைய வருகை. அவனுக்குக் கழுகைக் காட்டி முயற்சி கற்பிக்கப் புகுதல், கற்றவனுக்கு அகரம் கற்பிப்பது போலாம். கழுகைக் காணவேண்டியவன் உபாத்தியாயனே. காண்பதும் அதன் முயற்சியை அறிதற்கன்று, பொறுமையோடு ஒன்றனை ஆண்டுக்கணக்காக நோக்கி எண்ணும் வழக்கத்தைத் தான் பெறுதற்காம்.

இப்பொழுதும் சிலநாள் இரவிலே, கொப்பிகள் முடிந்தபின், யான் அம்மலையின் விடியலைப் பார்க்கின்றேன். கூட்டைப் புதுக்குங் காலத்திலே ஆண் பறவை கொம்பு கொணர்வதும், பெண் பறவை அதனை இடம் மாற்றி வைப்பதும், இரண்டும் ஒரு கொம்பைப் பற்றி இழுப்பதும் முன்போலவே நிகழும். ஆனால், அதனைப் பற்றி வகுப்பிலே சொல்லுவதற்கு வாக்கியம் அமைப்பதை விட்டுவிட்டேன். தவணையின் முதனாளிலே வகுப்பினுள் நுழைந்தவுடன் யான் செய்யும் வேலை இப்பொழுது வேறு. கரும்பலகையிலே திகதியை எழுதுவேன். எழுதியபின் கடைசி வாங்குக்குச் சென்று, அங்கிருக்கும் பிள்ளையின் பக்கத்திலே அமர்ந்து, அவனோடு சேர்ந்து அதனை வாசிப்பேன்.